80 லிட்டர் டேங்கும் எங்க ஆச்சியும்

டிஸ்கி: கொஞ்சம் நாத்தம் அடிக்கிற பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கை கழுவிட்டு அப்புறமா வாங்க.

மக்கா, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு வந்திருக்கிறது சுத்தமா கோவத்துல. நம்ம பதிவர்கள் கொஞ்ச நாளா வரிசையா கேரவன் பயணக் கட்டுரையா போட்டுத் தள்ளுறீங்க. எல்லாத்தையும் படிச்சேன். மெத்தை படம் இருக்கு, டிவி படம் இருக்கு, ஜன்னல் வழியா மலை தெரியற படம் கண்டிப்பா இருக்கு. சின்னதா ஒரு கக்கூஸ் படமும் போட்டு, "வண்டிக்குள்ளேயே பாத்ரூம், சூப்பர்ல!"ன்னு ஒரு வரி. அந்த கக்கூசுக்கு அடியில இருக்கற டேங்க் எத்தனை லிட்டர், அது ரொம்பினா எங்க கொண்டு போய் ஊத்தினாங்கன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுதியிருக்கணுமே? ம்ஹூம்.

சரி, நான் எழுதுறேன்.

மொதல்ல, பொட்டி தட்டுற பயலுக்கு கேரவன் எதுக்குன்னு கேப்பீங்க. எங்க ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு, ரெண்டு முட்டும் போச்சு. குத்த வெச்சு உக்கார முடியாது. சித்தப்பா வீடு கீரிப்பாறையில. தெரியாதவங்களுக்கு: நாகர்கோவில்ல இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம்னு மலையைப் பாத்துக்கிட்டே போனா கடைசியில வர்ற ஊரு. அரசு ரப்பர் கழகத்துத் தோட்டம், அதுக்கு மேல காளிகேசம், அதுக்கும் மேல காடு. சித்தப்பா தோட்டத்துலதான் வேலை. வீட்டுக்குப் பின்னால ஏழெட்டுப் படி எறங்கினாத்தான் கக்கூஸ், அதுவும் இந்தியன் டைப். இந்த ஒரே காரணத்துக்காக ஆச்சி ஆறு வருஷமா சொந்த மகன் வீட்டுக்குப் போகல. "எனக்கென்னத்துக்குடே மக்களே, நீங்க போயிட்டு வாங்க"ம்பா. கார்ல திருச்செந்தூர் போறதா இருந்தாலும் மொத நாள் ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்க மாட்டா. எங்க அம்மாவும் அப்பிடித்தான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அப்பிடித்தான்னு உங்களுக்கும் தெரியும், கேட்டுப் பாத்திருக்க மாட்டீங்க அவ்வளவுதான்.

அதனால ரெண்டு நாளைக்கு ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்தேன். சித்தப்பா வீட்டு முத்தத்துல வண்டியை நிப்பாட்டிரலாம், ஆச்சிக்கு நாலு எட்டுல வெஸ்டர்ன் கக்கூஸ். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

சனிக்கிழமை காலையில போய்ச் சேந்தோம். ஆச்சியை கை பிடிச்சு ஏத்திவிட்டா அம்மா. பத்து நிமிசம் கழிச்சு வெளிய வந்த ஆச்சி மொகத்தைப் பாக்கணுமே. ஒரு சொம்பு தண்ணி வாங்கி மடக் மடக்குன்னு குடிச்சா. அதைப் பாக்கத்தான் அந்த வாடகை.

சாயங்காலம் ஃப்ளஷ் மிதிச்சா தண்ணி நூல் மாதிரி வருது. பம்பு மட்டும் "ர்ர்ர்ர்"னு ஓடிக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது. டிரைவர் அண்ணாச்சி கம்பெனிக்கு போன் போட்டாரு. அங்க ஒருத்தன் பம்பையும் பாக்கல, ஒரு கேள்வியும் கேக்கல, "மோட்டார் அவுட் சார். லோக்கல்ல ஆளு வெச்சு மாத்திருங்க, டெபாசிட்ல கழிச்சுக்கறோம்"னான். எனக்கு வந்துதே ஒரு இது! நம்ம தொழில்ல லாக் பாக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்றவனைக்கூட மன்னிச்சிரலாம். இவன் லாக் பாக்காம சர்வரையே புதுசா வாங்கச் சொல்றான், அதுவும் என் காசுல.

இந்த வண்டிங்கள்ல இருக்கறது பெரும்பாலும் பேட்டரியில ஓடற 12 வோல்ட் டயஃப்ரம் பம்பு. அதுக்குள்ளேயே ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். குழாயைத் திறந்தா லைன்ல அழுத்தம் குறையும், ஸ்விட்ச் பம்பை ஓட்டும். மூடினா அழுத்தம் ஏறும், பம்பு நிக்கும். இவ்வளவுதான் விஷயம். அப்போ பம்பு ஓடிக்கிட்டே இருக்குன்னா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம்யா! அழுத்தம் ஏறலைங்கறதுதான் பிரச்சினை. ஏன் ஏறல? ஒண்ணு டேங்க்ல தண்ணி இல்ல, இல்ல தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்குது, இல்ல வர்ற வழியில அடைப்பு, இல்ல போற வழியில எங்கயோ ஒழுகுது, இதெல்லாம் இல்லேன்னாதான் பம்பைச் சந்தேகப்படணும். சமையல் பக்கத்துக் குழாயைத் திறந்து பாத்தேன், அதுலயும் நூல் மாதிரிதான். ஆக கோளாறு கக்கூஸ்ல இல்ல, அதுக்கு முன்னால. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சேன், முக்கால் டேங்க் தண்ணி இருக்கு.

பம்புக்கு முன்னால ஒரு சின்ன கண்ணாடிக் கிண்ணம் மாதிரி வடிகட்டி இருக்கும், ஸ்ட்ரெய்னர்ம்பாங்க. கழட்டினேன். உள்ள மண்ணு, மக்கின இலை, என்னமோ ஒரு பூச்சிக் காலு. மத்தியானம் டேங்க்ல தண்ணி ரொப்பினது சித்தப்பா வீட்டு ஹோஸ்ல. அது நேரா ஓடையில இருந்து சரிவுல வர்ற தண்ணி. மலையில மழை பேஞ்சா கலங்கித்தான் வரும். ஒரு வெள்ளைத் துணியை மடிச்சு ஹோஸ் வாயில கட்டியிருந்தா இந்த வேலையே இல்ல. அது என் தப்பு, டிரைவர் அண்ணாச்சி தப்பு இல்ல. ஆனா வண்டியில ஒட்டியிருக்கற பத்து ஸ்டிக்கர்ல "வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்"னு ஒண்ணு ஒட்ட முடியாதா? "நன்றி, மீண்டும் வருக" மட்டும் நல்லா பெருசா ஒட்டியிருக்கான்.

கழுவி மாட்டினா இப்ப தண்ணி விட்டு விட்டு துப்புது. கிண்ணத்து ஓ-ரிங் சரியா உக்காரல, அது வழியா காத்து இழுக்குது. கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவி உக்கார வைக்கலாம்னு போனேன். சித்தப்பா பின்னால நின்னுக்கிட்டு, "எல, ரப்பர்ல எண்ணெயைத் தேக்காதே. ஊதிப் போவும்லா. சோப்புத் தண்ணியத் தேய்"ன்னாரு. இருபத்தஞ்சு வருஷம் ரப்பரோட வாழ்ந்த மனுசன். அந்த ரிங் எந்த ரப்பரோ, எண்ணெய் தாங்குமோ தாங்காதோ, ஆனா சோப்புத் தண்ணிக்கு நல்லா வழுக்கி உக்காந்துக்கிச்சு. பம்பு ஓடுச்சு, அழுத்தம் ஏறுச்சு, தானா நின்னுச்சு.

குழாய்ல எல்லாம் தண்ணி ஜோரா வருது, ஃப்ளஷ்ல மட்டும் இன்னும் நூல். அப்போ மிச்சம் இருக்கறது கக்கூஸ் பக்கம். பம்பு ஸ்விட்சை அணைச்சு, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிட்டு, பேசின் பின்னால இருக்கற வால்வுக் குழாயைக் கழட்டினா, வாயில சின்னதா ஒரு சல்லடை. அதுலயும் மண்ணு. பல் விளக்கற பிரஷ்ல தேச்சு மாட்டினேன். மொத்தச் செலவு: சோப்புத் துண்டு ஒண்ணு, பழைய பிரஷ் ஒண்ணு. "மோட்டார் அவுட்"டாம்!

ராத்திரி ரெண்டு மணிக்கு அடுத்த கச்சேரி. எல்லாரும் தூங்கறோம், ஒரு குழாயும் திறக்கல, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பம்பு "டர்ர்"னு ரெண்டு செகண்ட் ஓடி நிக்குது. எங்கயோ சொட்டுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு வால்வா மூடிக் காது குடுத்துக் கேட்டேன். ஹெல்த் ஃபாசெட்டோட ஆங்கிள் காக்கை மூடினதும் சத்தம் நின்னுருச்சு. அந்த ஹோஸ் மூட்டுல கசிவு. (எல்லாத்தையும் மூடின பிறகும் ஓடுச்சுன்னா பம்புக்குள்ள இருக்கற செக் வால்வைப் பாக்கணும், தண்ணி திரும்ப டேங்குக்கே போகும்.) இதைக் கண்டுக்காம விட்டா காலையில பேட்டரி எறங்கி, அப்புறம் நெஜமாவே "மோட்டார் அவுட்" மாதிரி இருக்கும்.

இது வரைக்கும் கூட நான் பதிவு எழுதற அளவுக்குக் கோவப்படல. வண்டின்னா கோளாறு வரும்.

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. ஆச்சி உள்ள போனா, கொஞ்ச நேரத்துல அம்மாவைக் கூப்பிட்டா. மிதியை மிதிச்சா பேசின்ல இருக்கறது கீழ போகல. டிரைவர் அண்ணாச்சி, "அடைப்பு தம்பி, ஒரு கம்பு போட்டுக் குத்துனா போயிரும்"னாரு. சுவத்துல இருக்கற கேஜ்ல மூணுல ஒரு பங்குன்னு வெளக்கு எரியுது. அந்த கேஜை நம்பவே நம்பாதீங்க. டேங்க் சுவத்துல பதிச்சிருக்கற முனைங்க மேல அசிங்கம் ஒட்டிக்கும், காஞ்சிரும், அப்புறம் வாய்க்கு வந்ததைச் சொல்லும். உலகம் பூரா இந்த வண்டி வெச்சிருக்கறவங்க பொலம்பற விஷயம் இது. அடைப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, டேங்க் கழுத்து வரைக்கும் ரொம்பிப் போச்சு.

டேங்க் எத்தனை லிட்டர்னு ஸ்டிக்கரைத் தேடிப் பாத்தேன். 80.

இங்க கணக்கு போடுங்க மக்கா. ஒரு தடவை ஃப்ளஷ் ரெண்டு லிட்டர்னு வைங்க. காகிதத்துல தொடைக்கற நாட்டுக்காரனுக்கு அதோட சரி. நாம கழுவறவங்க. ஹெல்த் ஃபாசெட் அரை நிமிசம் ஓடினா இன்னொரு ரெண்டரை லிட்டர் சுலபமா போகும், அதுவும் அதே டேங்குக்குத்தான் போகும். ஆக ஒரு தடவைக்கு நாலரை. ஆறு பேரு, ஆளுக்கு நாலு தடவைன்னா ஒரு நாளைக்கு 108 லிட்டர். 80 லிட்டர் டேங்க் ஒரு நாளைக்கே பத்தாது! வெள்ளைக்காரனுக்கு அதே ஆறு பேருக்கு 48 லிட்டர், கிட்டத்தட்ட ரெண்டு நாள் ஓடும். ஆம்பளைங்க நாங்க மூணு பேரும் பாதி நேரம் சித்தப்பா வீட்டுக் கக்கூசுக்கே போயும் எங்களுக்கு மறுநாள் காலையிலயே ரொம்பிருச்சு. அதாவது, வெளிநாட்டு டிசைனை அப்பிடியே காப்பி அடிச்சு, அதுல நம்மூரு ஹெல்த் ஃபாசெட்டை மட்டும் சொருகி, டேங்கை அதே சைஸ்ல விட்டுட்டான் ஒரு புண்ணியவான். நம்ம ஊரு இன்ஜினியர்தான், என்னை மாதிரியே அரியர் எழுதி பாஸ் பண்ணினவனா இருக்கும். இன்டர்ஃபேஸை மாத்தினா பின்னால இருக்கற கொள்ளளவையும் மாத்தணும்னு அவனுக்கு யாரும் சொல்லல.

இப்பத்தான் முக்கியமான எடம். அண்ணாச்சி வண்டியை எடுத்தாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். "மேல ஓடைக்கரையில நிப்பாட்டி வால்வை இழுத்து விட்டுட்டு வந்துருதேன் தம்பி, அஞ்சு நிமிசம்"னாரு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. எந்த ஓடை? நேத்து மத்தியானம் இதே வண்டிக்கு எந்த ஓடைத் தண்ணியை ரொப்பினோமோ, அதே ஓடை. ஹோஸ் சொருகியிருக்கற எடத்துக்கும் மேல!

வண்டிக்கு முன்னால போய் நின்னுட்டேன். சண்டை. "எங்க போனாலும் இப்பிடித்தான தம்பி. கம்பெனியில இதான் சொல்லி அனுப்புதாங்க. வேற எங்க கொண்டு போக? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க, அங்க கொண்டு விடுதேன்"னாரு. அவரு கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. என்கிட்ட பதிலும் இல்ல. சித்தப்பா வீட்டு செப்டிக் குழியில விடலாமேன்னு அப்பா சொன்னாரு. அது நாலு பேருக்குக் கட்டின சின்னக் குழி, கிணறு வேற பக்கத்துல. போதாக்குறைக்கு டேங்க்ல நாத்தம் தெரியாம இருக்க நீலமா ஒரு மருந்து ஊத்தியிருக்காங்க, பாட்டில்ல ஃபார்மால்டிஹைடுன்னு போட்டிருக்கு. அது குழியில கழிவை மக்க வைக்கற கிருமியையே கொன்னுரும்.

கடைசியில மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனேயே கெளம்பினோம். நாகர்கோவில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல. ஆச்சி பத்து மணியில இருந்து ஒரு மடக்கு தண்ணி குடிக்கல. சாம்பார்கூட வேண்டாம்னுட்டா. வீட்டுல ஆச்சியை எறக்கி விட்டுட்டு, செப்டிக் டேங்க் லாரிக்காரருக்கு போன் போட்டு, தெரு ஓரத்துல வண்டியில இருந்து லாரிக்கு ஹோஸ் மாட்டி உறிஞ்சினாங்க. 1,800 ரூவா. தெருவே வேடிக்கை பாத்துச்சு.

இப்ப நீங்க போடப் போற பின்னூட்டம் எனக்குத் தெரியும். "கேரவன்லாம் பணக்காரன் பிரச்சினை, இதுக்கு ஒரு பதிவா?" ஐயா, பணக்காரனுக்கு ரெசார்ட் இருக்கு. வழியில கக்கூஸ் இல்லாம அவதிப்படறது எங்க ஆச்சி மாதிரி ஆளுங்கதான். கேரவன்னு சொன்னாலே ஞாபகம் வர்ற சினிமாக்காரங்க கதையைப் பாருங்க. மலையாள சினிமாவுல பெண்கள் நிலைமையை விசாரிக்க 2017-ல போட்ட ஹேமா கமிட்டி 2019-ல அறிக்கை குடுத்துச்சு, அது வெளிய வந்தது 2024 ஆகஸ்ட்ல. ஷூட்டிங் எடத்துல கக்கூஸ் இல்லாம பொம்பளைங்க தண்ணி குடிக்காம இருக்காங்க, அதனால மூத்திரத் தொற்று வருதுன்னு அதுல பதிவாகியிருக்கு. பெரிய நடிகர்களுக்குக் கேரவன் வர்ற அதே தொழில்லதான் இது. எங்க ஆச்சி பண்றதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொருத்தர் வருவாரு, "ஊர்ல பாதி சாக்கடை ஆத்துலதான் கலக்குது, ஒரு 80 லிட்டர்ல என்ன ஆயிரப் போகுது"ன்னு. இதே வாதத்தைத்தான் ரயில்வே ரொம்ப வருஷம் சொல்லாம சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஓடற ரயில்ல இருந்து நேரா தண்டவாளத்துல. அதை அள்ளினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். தண்டவாளம் அரிச்சுப் போகுது, நிறுத்துங்கன்னு அனில் ககோட்கர் தலைமையில இருந்த பாதுகாப்புக் குழு 2012-ல சொல்லுச்சு. அப்புறம் டி.ஆர்.டி.ஓ. கூட சேந்து பெட்டிக்கு அடியில பாக்டீரியா டேங்க் வெச்சாங்க, ரெண்டு லட்சம் கக்கூசுக்கு மேல. அதுலயும் பாட்டிலையும் துணியையும் போட்டு அடைக்கற புண்ணியவான்கள் இருக்காங்க, அது தனிக் கதை. ஆனா அவ்வளவு பெரிய ரயில்வே மாத்திக்க முடிஞ்சுது. நாலு வண்டி வெச்சிருக்கற கம்பெனிக்கு முடியாதா?

சட்டமும் புதுசா போட வேண்டாம். ஓடையில கழிவை விடக்கூடாதுன்னு 1974-லயே நீர் மாசு தடுப்புச் சட்டம் இருக்கு. மலத்தை மனுசன் கையால அள்ள வைக்கக்கூடாதுன்னு 2013-ல சட்டம் வந்துச்சு. "குத்தி விட ஆளு அனுப்புதோம்"னு அந்த போன்காரன் சொன்னான் பாருங்க, அவன் அனுப்பற ஆளு கைக்கு உறை இருக்குமா, எதுல குத்துவான்னு யோசிச்சீங்களா? பக்கத்துல கேரளாவுல 2021-ல கேரவன் கொள்கை அறிவிச்சப்போ வண்டியோட நிறுத்தல, கேரவன் பார்க்குன்னு சேத்தே சொன்னாங்க. வண்டி வந்து நிக்கணும், தண்ணி பிடிக்கணும், கழிவை எறக்கணும், அதுக்கு ஒரு எடம் வேணும்ங்கற அடிப்படை அறிவு. அங்க அது எவ்வளவு ஒழுங்கா நடக்குதுங்கறது வேற விஷயம், ஆனா கேள்வியாவது சரியா கேட்டிருக்காங்க.

நம்ம ஆளுங்ககிட்ட நான் கேக்கறது இதான். அடுத்த கேரவன் பதிவு போடறதுக்கு முன்னால கம்பெனிக்காரன்கிட்ட கழிவு டேங்க் எத்தனை லிட்டர்னு கேளுங்க. எங்க கொண்டு போய் எறக்குவீங்கன்னு கேளுங்க, எடத்தோட பேரைச் சொல்லச் சொல்லுங்க. "அதெல்லாம் டிரைவர் பாத்துப்பாரு சார்"னு சொன்னா, எந்த ஊரு ஓடையோ போச்சுன்னு புரிஞ்சுக்கோங்க. அந்தப் பதிலை அப்பிடியே மலைப் படத்துக்குக் கீழ போடுங்க. உங்க ஓசி ட்ரிப் கேன்சல் ஆனா நான் பொறுப்பில்ல :-)

டிரைவர் அண்ணாச்சி மேல எனக்கு வருத்தம் இல்ல. லாரி ஹோஸைப் பிடிச்சு மாட்டினது அவருதான், போறப்போ ஆச்சிகிட்ட வந்து "மன்னிச்சிருங்க ஆச்சி"ன்னு வேற சொல்லிட்டுப் போனாரு.

பி.கு.: டெபாசிட் பாக்கி நேத்துதான் வந்துச்சு. பம்பு சர்வீஸ்னு 1,000, "கழிவு அகற்றல் கட்டணம்"னு 2,500 கழிச்சிருக்காங்க. பம்பை சர்வீஸ் பண்ணினது நான், கழிவை அகற்றினது லாரிக்காரர், அதுக்குக் காசு குடுத்ததும் நான். எந்தக் கழிவை எந்த எடத்துல அகற்றினீங்கன்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன். பதில் வந்தா இங்கயே போடறேன்.